விட்டு விட்டு ஓடிய ஒயிலாட்டம்

எங்கள் தெருவில் இருக்கும் அத்தனை ஆண்களையும் பக்கத்து வீட்டு டீச்சர் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவாள். தண்ணீர் லாரி ஓட்டுபவர் அண்ணே, துணி தேய்ப்பவர் அண்ணே, காலையில் நாயோடு நடக்கிற எதிர்வீட்டுப் பெரியவர்கூட அண்ணேதான். என் கணவரை மட்டும் 'சார்' என்பாள். அதை நான் முதலில் மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் ஒரு பெண் ஓர் ஆணை அண்ணே என்று கூப்பிட்டுவிட்டால் அதோடு ஒரு கதவு சாத்திக்கொள்ளும், எல்லோருக்கும் நிம்மதி. சார் என்னும்போது அந்தக் கதவு ஒருக்களித்துக் கிடக்கிறது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

நாங்கள் இருப்பது பசுமலையில். டீச்சர் எங்களுக்கு அடுத்த வீடு. பக்கத்து மிஷன் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறாள். கல்யாணமாகித் தூத்துக்குடிக்குப் போனவள், அங்கே ஒத்துவராமல் அம்மாவிடம் திரும்பி வந்திருந்தாள். என்ன ஒத்துவரவில்லை என்று தெருவில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு, வெறும் நெற்றியோடு வாசலில் நின்று செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள். என்னைவிடச் சின்னவள். அந்த வெறும் நெற்றிகூட அவளுக்கு எடுப்பாக இருந்தது.

என் கணவருக்குக் கப்பலூரில் ஒரு ரப்பர் கம்பெனியில், தரம் பார்க்கும் பிரிவில் வேலை. தோளில் எப்போதும் லேப்டாப் பை தொங்கும். அந்தப் பையைப் பார்த்துத்தான் தெரு அவரைக் கம்ப்யூட்டர் தெரிந்தவர் என்று முடிவுகட்டியிருந்தது. அதில் அவர் செய்வது ரப்பர் வளையங்களின் அளவைக் கட்டம் கட்டமாக நிரப்புவது மட்டும்தான். எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஆள் நான். கல்யாண வீடியோக்களுக்கு மிக்ஸிங் செய்கிறேன். கேமராக்காரர்கள் கொண்டுவந்து கொட்டுகிற மணிக்கணக்கான காட்சிகளை வெட்டி, ஒட்டி, நிறம் சரிசெய்து, மாப்பிள்ளையின் தாய்மாமன் கொட்டாவி விடுகிற இடங்களை எடுத்துவிட்டு, பார்க்கிற மாதிரி ஆக்கிக் கொடுப்பது என் வேலை. பின்னறையில் கதவைச் சாத்திக்கொண்டு காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பதால், தெருவுக்கு நான் வீட்டில் சும்மா இருக்கிற அக்கா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் வாசலில் பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார். நான் படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். டீச்சர் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் வந்து நின்றாள்.

"சார், நீங்க கம்ப்யூட்டர்லாம் பாப்பீங்களாமே? எங்க வீட்டு சிஸ்டத்துல வீடியோ விட்டு விட்டு ஓடுது சார்."

"என்ன வீடியோ?" என்றார் அவர், கையிலிருந்த துணியைப் பிழிந்தபடி.

"டிவி புரோகிராம் சார். கிராமியக் கலைன்னு வாராவாரம் ஒரு சேனல்ல போட்டாங்க. அவங்க சைட்லயே டவுன்லோடு பண்ணிக்கலாம். ஸ்கூல் நெட்ல இறக்கி பென் டிரைவ்ல கொண்டாந்தேன். ஒயிலாட்டம் வருதுல்ல, அத வச்சு ஆண்டு விழாவுக்குப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் குடுக்கணும். கொஞ்ச நேரம் நல்லா ஓடுது. அப்புறம் நிக்குது, குதிக்குது. கால் எங்க வைக்கிறாங்கன்னே தெரியல."

"அதுக்கென்ன, பாத்துருவோம்."

சொல்வதற்கு முன் என்னை ஒருமுறை பார்த்தார். பார்த்துவிட்டு மறுபடி அவள் பக்கம் திரும்பிக்கொண்டார். 'இந்தா உக்காந்திருக்காளே, இவ வேலையே அதுதான்' என்று சொல்லுவார் என்று நான் கீரைத் தண்டைக் கையில் பிடித்தபடி காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. நானாகச் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வாயால் வரட்டும் என்று இருந்துவிட்டேன்.

அன்று சாயங்காலமே போனார். போவதற்கு முன் தேய்த்த சட்டை ஒன்றை எடுத்துப் போட்டார். வீட்டில் இருக்கும்போது கைலியும் பனியனுமாகத் திரிகிற மனிதர். திரும்பி வந்து, "உள்ளாற பூரா தூசி. காத்தாடியே சுத்த மாட்டேங்குது. தொடச்சு விட்டேன், இப்ப ஓடுது" என்றார். சரிதான், சூடேறினால் கம்ப்யூட்டர் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதனால் படம் திக்கும். சரியான வைத்தியம்தான். அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அந்த வாரமே மறுபடி போனார். ஓடுகிறது, ஆனால் முன்னளவுக்குத் தெளிவாக இல்லை என்றாளாம். பிளேயரை மாற்றிப் போட்டார். இன்னொரு நாள் போய் மெமரி கூட்டினார். ஷிப்ட் முடிந்து வந்தால் நேரே குளியல், பவுடர், பக்கத்து வீடு. எனக்கு ஒரு கல்யாண வீடியோவின் அவசர வேலை இருந்தது. மணமகள் மாலை மாற்றுகிற இடத்தில் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டே, சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற சத்தத்துக்குக் காது கொடுப்பேன். முதலில் பறைச் சத்தம் வரும், நிறுத்துவார்கள். பிறகு அவள் சிரிப்பு வரும். ஹெட்போனை மாட்டிக்கொள்வேன், கழற்றுவேன், மாட்டுவேன். அந்த நாட்களில் நான் வெட்டிய காட்சிகள் எல்லாமே ஒரு துண்டு கூடவோ குறையவோ போயின. மறுபடி செய்ய வேண்டியதாயிற்று.

இதற்கு நடுவில், சாப்பிடும்போது அவர் என்னிடம் சந்தேகம் கேட்க ஆரம்பித்தார். அது வழக்கமில்லாத வழக்கம்.

"கம்பெனில புதுசா வந்தவங்களுக்குப் போட்டுக் காட்ற ட்ரெய்னிங் வீடியோ இருக்குல்ல, அது விட்டு விட்டு ஓடுது. எதனால இருக்கும்?"

எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது. வேலை விஷயத்தில் என்னிடம் அவர் எதையும் கேட்டதில்லை. தட்டில் இன்னொரு தோசையை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"சத்தம் ஒழுங்கா வருதா, சத்தமும் சேந்து திக்குதா?"

"சத்தம் நல்லா வருது. படம் மட்டும்தான்."

"அப்ப ஃபைல்ல கோளாறு இருக்காது. சத்தமும் சேந்து நின்னா டிஸ்க்குல இருந்து எடுக்குறதுல பிரச்சினை. படம் மட்டும் திக்குனா, பிரிக்கிறதுக்குத் தெம்பு பத்தல."

"பிரிக்கிறதுன்னா?"

"இப்ப வர்ற வீடியோவெல்லாம் ரொம்ப நெருக்கிச் சுருக்கி வச்சிருப்பாங்க. ஒரு பட்டுச்சேலைய மடிச்சு மடிச்சுத் தீப்பெட்டிக்குள்ள அமுக்குன மாதிரி. பெட்டி சின்னதாத்தான் இருக்கும். ஆனா ஒவ்வொரு தடவையும் அத உதறிப் பிரிச்சுக் காட்ட ஒரு ஆளு வேணும். ஆளு கெழவனா இருந்தா, அடுத்த சேல வர்றதுக்குள்ள மூச்சு வாங்கிரும்."

அவர் சிரித்தார். "நல்லாச் சொன்ன" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக மறுநாளும் சொன்னேன், அதற்கடுத்த நாளும் சொன்னேன். எதை எதைப் பார்க்க வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும், ஒன்றைச் சரிசெய்யும்போது இன்னொன்றைத் தொடக் கூடாது என்றெல்லாம் சொன்னேன். கடைசி வழியாக, எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றிப் பார்க்கலாம் என்றும் சொன்னேன். கம்பெனியில் இதற்கென்றே ஆள் இருப்பான், ஏற்றியபின் செய்ய வேண்டியதையெல்லாம் அவன் பார்த்துக்கொள்வான் என்று அதற்குமேல் விளக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில் தள்ளுவண்டிக்காரர் எங்கள் வாசலில் காய்கறி வண்டியை நிறுத்தியிருந்தார். நானும் டீச்சரும் எதிரெதிரே நின்று கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தோம். சும்மா இருக்க முடியாமல் நான்தான் கேட்டேன்.

"என்ன டீச்சர், கம்ப்யூட்டர் சரியாயிருச்சா?"

"எங்கக்கா? சார் அன்னைக்கு எல்லாத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டுக் குடுத்தாரு. அதுக்கப்புறம் முன்னைக்கு மோசமா இருக்கு. ஆரம்பத்துலயே திக்குது. பாவம் சாரு, அவரும் என்னென்னமோ பண்றாரு." முகத்தில் விழுந்த முடியை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "ஆனா எம்புட்டு அழகாப் புரிய வைக்கிறாருக்கா! எனக்கு இதெல்லாம் ஒண்ணும் தெரியாது. பட்டுச்சேலையத் தீப்பெட்டிக்குள்ள அமுக்குன மாதிரின்னாரு பாருங்க, டக்குனு வெளங்கிருச்சு. பேசாம வாத்தியாராப் போயிருக்கலாம்."

கையிலிருந்த கத்தரிக்காயைத் திரும்ப வண்டியில் வைத்தேன். வண்டிக்காரர், "சொத்தை இல்லக்கா, எடுங்க" என்றார்.

என் வார்த்தை அது. என் அடுப்படியில், என் தோசையைத் தின்றபடி வாங்கிக்கொண்டு போன வார்த்தை. கம்பெனியில் எந்த ட்ரெய்னிங் வீடியோவும் திக்கவில்லை. அவள் மேல் எனக்கிருந்த எரிச்சல் தெரிந்த எரிச்சல்தான். அதற்கு ஒரு முகம் இருந்தது, வெறும் நெற்றி இருந்தது. இப்போது வந்தது வேறு மாதிரி இருந்தது. அவளுக்குக் கிடைக்கிற என் கணவரைப் பார்த்தும் எரிந்தது, என் கணவருக்குக் கிடைக்கிற அவள் வியப்பைப் பார்த்தும் எரிந்தது. அந்த வியப்பு எனக்கு வர வேண்டியது. என்னை அப்படி யாரும் வாயைப் பிளந்து பார்த்து வெகுநாளாகியிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் கிளம்பிப் போனார். நான் கொஞ்ச நேரம் பின்னறையில் உட்கார்ந்து பார்த்தேன். முடியவில்லை. சேலையைச் சரிசெய்துகொண்டு நானும் போனேன். கையில் எதையாவது எடுத்துக்கொண்டு போனால்தான் பக்கத்து வீட்டுக்குப் போவதற்கு ஒரு காரணம் மாதிரி இருக்கும் என்று ஒரு கிண்ணத்தில் ரசப்பொடியை அள்ளிக்கொண்டேன். அவர்கள் யாரும் கேட்காத ரசப்பொடி.

முன்கதவு விரியத் திறந்துதான் கிடந்தது. ஹாலில் டீச்சரின் அம்மா முறத்தை மடியில் வைத்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். சுவரில் வசனக் காலண்டர். ஓரத்து மேசையில் கம்ப்யூட்டர். திரையில் ஓர் ஆட்டக்காரர் கைத்துணியைப் பாதி தூக்கிய நிலையில் அசையாமல் நின்றிருந்தார். அதற்கு முன்னால், நாற்காலிகளை ஒதுக்கி வெறுமையாக்கிய தரையில், என் கணவர் ஆடிக்கொண்டிருந்தார்.

பேண்டை முழங்காலுக்குக் கீழே மடித்து விட்டிருந்தார். இரண்டு கையிலும் கைக்குட்டை. வலது காலை முன்னால் வைத்து, தட்டி, பின்னால் இழுத்து, உடம்பைப் பாதி சுழற்றி, இரண்டு கைக்குட்டையையும் தலைக்கு மேல் ஒரு வீச்சு வீசி இறக்கினார். தொப்பை வைத்த மனிதர். பைக்கிலிருந்து இறங்கும்போது இடுப்பைப் பிடிக்கிற மனிதர். அந்த வீச்சில் ஒரு சிரமமும் இல்லை. டீச்சர் பக்கத்தில் நின்று அவர் காலையே பார்த்து, வாயால் எண்ணிக்கொண்டு, தானும் காலை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தட்டுனதுக்கு அப்புறம் ஒரு அடி சும்மா விடணும். அங்கதான் துணி மேல போகுது" என்று சொல்லிக்கொண்டே திரும்பியவர் வாசலில் என்னைப் பார்த்தார். கை அப்படியே நின்றது. திரையில் இருந்தவரும் இவரும் ஒரே மாதிரி நின்றார்கள்.

"வாம்மா, உள்ள வா" என்றார் டீச்சரின் அம்மா. "ஒன் வீட்டுக்காரரு ஆடுறதப் பாத்தியா? இந்த வீடியோ நின்னு நின்னு போகுதுன்னு, அவரே ஆடிக் காட்டுறாரு. கல்லுப்பட்டிப் பக்கம் சொந்த ஊர்ல எளவட்டமா இருந்தப்ப ஆடுனாராமே!"

எனக்குத் தெரியாது. எத்தனை வருஷக் கல்யாணம். அந்த ஊர்த் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் போயிருக்கிறோம். அவருக்குச் சேப்பங்கிழங்கு ஒத்துக்கொள்ளாது, இடி இடித்தால் ஜன்னலைச் சாத்துவார், தூக்கத்தில் இடது பக்கம்தான் திரும்புவார் என்றெல்லாம் எனக்குத் தெரியும். அவர் ஆடுவார் என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு மொச்சைக்குத் தெரிந்திருக்கிறது.

"பாத்தேம்மா" என்றேன். ரசப்பொடிக் கிண்ணத்தை அந்த அம்மாவின் பக்கத்தில் வைத்தேன். அங்கே நின்று அழுதுவிடக் கூடாது என்று திரையைப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. திரையில் இருந்த எழுத்துகளும் படங்களும் குண்டு குண்டாக, பக்கவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி இருந்தன.

"டீச்சர், நான் கொஞ்சம் பாக்கட்டா?"

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

என் கணவரின் முகத்தை நான் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். வீடியோவை ஓடவிட்டு, கம்ப்யூட்டரின் உள்வேலையைக் காட்டுகிற பட்டியலைத் திறந்தேன். கம்ப்யூட்டரின் மூளையான பிராசஸர் உச்சத்தில் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டக்காரர் ஒரு அடி வைப்பதும் நிற்பதும் இரண்டு அடி தாண்டிக் குதிப்பதுமாக இருந்தார். சத்தத்தில் மட்டும் பிசிறே இல்லை.

"இதுக்குள்ள படத்துக்குன்னே தனியா ஒரு பாகம் இருக்கு டீச்சர். வீடியோவப் பிரிக்கிற வேலைய அதுதான் செய்யணும். எல்லாத்தையும் அழிச்சுப் புதுசாப் போட்டப்ப, அந்தப் பாகத்த இயக்குற டிரைவர்ங்குற சாஃப்ட்வேரப் போடாம விட்டுட்டாங்க. அது சும்மா கெடக்கு. மொத்த வேலையும் மூளை தலைல விழுந்துருச்சு. எழுத்தெல்லாம் குண்டாத் தெரியுதுல்ல, அதுவும் இதனாலதான்."

"விட்டுட்டாங்க" என்று சொன்னபோது என் குரல் கொஞ்சம் ஏறியிருக்க வேண்டும். மொச்சை உரிக்கிற சத்தம் நின்றது.

டீச்சரின் போனிலிருந்து நெட் எடுத்து, அந்தப் பாகத்தைச் செய்தவர்களின் தளத்தில் தேடி, பொருத்தமான டிரைவரை இறக்கினேன். இறங்குவதற்கு நேரமாயிற்று. அவர் மடித்த பேண்டை இறக்கி விட்டுக்கொண்டு கைக்குட்டைகளைப் பையில் திணித்தார். டீச்சர் காபி போடுகிறேன் என்று உள்ளே போனாள். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டதும் திரை ஒருமுறை கறுத்து, எழுத்துகள் மெலிந்து கூர்மையாக வந்தன. வீடியோவைத் தட்டினேன்.

ஓடியது. வரிசையாக நின்ற ஆட்டக்காரர்கள் ஒன்றாகக் கால் தட்டி, ஒன்றாகத் திரும்பி, கைத்துணிகள் ஒரே வீச்சில் மேலே போய் இறங்கின. ஒரு தடங்கல் இல்லை. காபித் தம்ளரோடு வந்த டீச்சர் அப்படியே நின்றுவிட்டாள்.

"அக்கா! எப்படிக்கா?"

"நான் கல்யாண வீடியோ மிக்ஸிங் பண்றேன் டீச்சர். இது என் பொழப்பு."

"சார் சொல்லவே இல்லையே" என்றாள். அதை அவள் யோசித்துச் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு தம்ளரை என் பக்கம் நீட்டினாள். தீப்பெட்டியும் பட்டுச்சேலையும் யாருடையது என்று அந்த நேரத்தில் அவளுக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் அதைச் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதில் பெருந்தன்மை எதுவும் கிடையாது. வாயைத் திறந்தால் அழுதுவிடுவேன் என்ற பயம்தான்.

வீட்டுக்கு வந்ததும் மாடிக்குப் போய்க் காய்ந்த துணிகளை எடுத்தேன். அவர் பின்னாலேயே வந்தார். குன்றுக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது.

"கோவமா?" என்றார்.

"கம்பெனி வீடியோ எப்படி ஓடுது? சரியாயிருச்சா?"

அவர் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "ஒங்கிட்டக் கேட்டுட்டுப் போய்த்தான் சொன்னேன். தப்புத்தான்."

"என் வீட்டுக்காரிகிட்டக் கேட்டேன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறஞ்சு போகும்?"

கொடியில் விட்டுப்போன ஒரு துண்டை எடுத்து மடித்தார். பிறகு சொன்னார்: "இங்க நான் எதச் சொன்னாலும் ஒனக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கு. நியூஸ் சொன்னா, காலைலயே போன்ல பாத்துட்டேங்குற. பைக்குல சத்தம் வருதுன்னா, செயினு லூசுங்குற. அந்தப் பிள்ள நான் என்ன சொன்னாலும் அப்படியா சார், அப்படியா சார்னு கேட்டுச்சு. நல்லா இருந்துச்சு. அம்புட்டுதான். வேற ஒண்ணும் இல்ல."

வேறொன்றும் இல்லை என்பது எனக்குத் தெரியும். திறந்து கிடந்த கதவு, மொச்சை உரிக்கிற அம்மா, எல்லாவற்றையும் என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தேன். வேறு ஏதாவது இருந்திருந்தால் சண்டை போடச் சௌகரியமாக இருந்திருக்கும். அவர் சொன்னது அதைவிட அதிகமாக வலித்தது.

"ஆடுவேன்னு எங்கிட்டச் சொன்னதே இல்லையே?"

"நீ கேட்டதில்லையே."

"இருக்குன்னு தெரிஞ்சாத்தானங்க கேக்க முடியும்?"

"அங்கேயும் நானாச் சொல்லல. படம் நின்னுக்கிட்டே இருந்துச்சு. அடுத்த அடி என்ன சார்னு அந்தப் பிள்ள தலையில கைய வச்சு உக்காந்திருச்சு. எனக்குத் தெரியுமேன்னு எந்திரிச்சேன். காலு தானா வந்துருச்சு. நானே எதிர்பாக்கல."

துணிக் கூடையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் கீழே இறங்கினேன்.

அடுத்த சில நாட்கள் அவர் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. டீச்சர்தான் எங்கள் வீட்டுக்கு வந்தாள். இந்தமுறை கூப்பிட்டது என்னை. வீடியோ நன்றாக ஓடுகிறது, ஆனால் வேகமாக இருக்கிறது, பிள்ளைகளுக்குக் காட்டக் கொஞ்சம் மெதுவாக்க முடியுமா என்றாள். பின்னறைக்குக் கூட்டிப்போனேன். இரண்டு திரைகளையும், குவிந்து கிடந்த ஹார்டு டிஸ்க்குகளையும், பாதி முடிந்த கல்யாணத்தையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "இம்புட்டு நாளா இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் இருக்கேன்" என்றாள். ஆட்டத்தைப் பாதி வேகத்துக்கு இறக்கி, கால் தெரிகிற இடங்களை மட்டும் எடுத்துக் கோத்துக் கொடுத்தேன். அவள் வியப்பாகத்தான் பார்த்தாள். கிடைத்தபோது, நான் நினைத்த அளவுக்கு அது எனக்கு இனிக்கவில்லை. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் பைக் சத்தம் கேட்கிறதா என்று கவனித்தேன். அவர் வந்து எட்டிப் பார்த்தபோது யாரை முதலில் பார்க்கிறார் என்று கவனித்தேன்.

கால் மட்டும் தெரிந்தால் போதவில்லை. பிள்ளைகளுக்கு எதிரே நின்று ஆடிக்காட்ட ஒரு ஆள் வேண்டியிருந்தது. "சாரைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புறீங்களாக்கா?" என்று அவள் என்னிடம்தான் கேட்டாள். அவரைப் பார்த்துக் கேட்கவில்லை. போகட்டும் என்று சொல்ல எனக்கு ஒரு ராத்திரி ஆயிற்று. சனிக்கிழமைகளில் போய்ச் சொல்லிக்கொடுத்தார். பள்ளியில் வழக்கமாக வீடியோ எடுப்பவருக்கு அந்தத் தேதியில் ஒரு முகூர்த்தம். அதனால் ஆண்டு விழாவைப் படம் பிடிக்கிற வேலை என்னிடம் வந்தது. நான் கேமரா பிடிக்கிறவள் இல்லை, பிறர் பிடித்ததை வெட்டுகிறவள். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். அங்கே இருக்க எனக்கொரு காரணம் வேண்டியிருந்தது.

விழா அன்று பந்தல் நிறையப் பெற்றோர்கள். கேமராவை நடுவில் ஸ்டாண்டு போட்டு வைத்துக்கொண்டு நின்றேன். ஒயிலாட்டம் தொடங்கியது. தலையில் உருமா கட்டி, காலில் சலங்கையோடு பிள்ளைகள் மேடையில் வரிசையாக நின்றார்கள். மேடைக்குக் கீழே ஓரமாக, பிள்ளைகளுக்குத் தெரிகிற மாதிரி, அவர் நின்று ஒவ்வொரு அடியையும் தானும் வைத்தார். பேண்டை மடிக்கவில்லை. வேட்டி கட்டியிருந்தார். பறை வேகமெடுத்ததும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. துணி மேலே போகும்போது முகமும் கூடவே மேலே போனது.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் கழித்து அதை மிக்ஸிங் செய்ய உட்கார்ந்தேன். ஓடவிட்டுப் பார்த்ததும் எனக்கே திக்கென்றது. மேடையில் பிள்ளைகள் கொஞ்ச நேரம்தான் இருந்தார்கள். பிறகு கேமரா மெல்ல இடது பக்கம் நகர்ந்திருந்தது. அப்புறம் ஆட்டம் முடிகிற வரைக்கும் அவர்தான். பின்னால், மங்கலாக, டீச்சர் மேடைப் படியில் உட்கார்ந்து பிள்ளைகளைப் பார்த்து வாயசைத்து எண்ணிக்கொண்டிருந்தாள். அவள் ஒருமுறைகூட அவர் பக்கம் திரும்பவில்லை.

பொறுமையில்லாத தலைமையாசிரியை மறுநாளே வந்து, முடிக்காததையே போட்டுக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, பிள்ளைகளை விட்டுட்டு ஓரத்துல நிக்கிறவரையே எடுத்து வச்சிருக்கீங்க? அம்மா அப்பாவெல்லாம் அவங்க பிள்ளையத் தேடுவாங்கல்ல?"

பெற்றோர்கள் போனில் எடுத்திருந்ததையெல்லாம் டீச்சர் கேட்டு வாங்கிக் கொடுத்தாள். ஒன்றில் படம் ஆடியது, ஒன்றில் யாருடைய தலையோ மறைத்தது. அவற்றையெல்லாம் கோத்து, எல்லாப் பிள்ளைகளின் முகமும் வருகிற மாதிரி ஒரு வழியாகச் செய்து கொடுத்தேன். பள்ளியில் யாரும் குறை சொல்லவில்லை.

நான் எடுத்ததை அழிக்கவில்லை. ஒருநாள் சாயங்காலம் அதை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் டீ தம்ளரோடு உள்ளே வந்துவிட்டார். நிறுத்துவதற்குள் பார்த்துவிட்டார். பின்னால் நின்று கடைசி வரைக்கும் பார்த்தார்.

"இம்புட்டு நேரமும் என்னையவா எடுத்த?"

"ஸ்டாண்டு லூசு. தானாத் திரும்பிருச்சு" என்றேன்.

அவர் பக்கத்து நாற்காலியில் கிடந்த ஹார்டு டிஸ்க்குகளை எடுத்துக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். "ரெண்டாவது திருப்பத்துல கால் பிசகிட்டேன், கவனிச்சியா?" என்றார்.

"இல்லயே" என்றேன். "எங்க, காட்டுங்க."